பீச்சாங்கைக் கோடுகள்

படத்துக்கு பிரேம் போடுகிறவன் பெயர் பின்பக்க அட்டையில்கூட இருக்காது. வேலூரில் இருபது வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. அடுத்தவர் பெயருக்கு உழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

சாமி படம்

நான் பிறவியிலேயே இடதுகைக்காரன். குடியாத்தத்து அம்மா ஒருவர் பிரேம் போடக் கொடுத்த முருகன் படத்தை, பழக்கதோஷத்தில் இடது கையால் நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை.

"இன்னாப்பா, சாமிய பீச்சாங்கைல குடுக்குற? கீழ வை, நானே எடுத்துக்கறேன்."

பாரிஸ் படம்

ஆம்பூரில் தோல் ஃபாக்டரி வைத்திருக்கும் பாய் ஒருவர், பாரிஸில் வாங்கிய பழைய கோட்டோவியத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பேதுரு தங்கியிருக்கும் பைபிள் காட்சி. பின்னால் கொடியில் தோல்கள் காய்கின்றன. நம்ம தொழில் பைபிளிலேயே இருக்கிறது என்று பாய்க்கு அவ்வளவு பெருமை. கீழே பெரிய பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் பெயர்.

பிரேமைக் கழற்றிப் பார்த்தேன். வலதுகைக்காரர் நிழலுக்குக் கோடு இழுத்தால் அது வலப்பக்கம் மேலேறும். இதில் அத்தனை கோடும் என் கோட்டைப் போல இடப்பக்கம் ஏறின. போட்டவன் இடதுகைக்காரன் என்றேன்.

"உன்ன கண்ணாடிதானே மாத்தச் சொன்னேன்?"

நிபுணர்

ஆனாலும் பாய்க்கு மனசு கேட்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு ஓவிய நிபுணரை என் கடைக்கே கூட்டிவந்தார். ஒரு அட்டையில் இரண்டு கையாலும் கோடு போட்டுக் காட்டினேன். நிபுணர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரிய ஓவியர் வலதுகைக்காரராம். அவர் பட்டறையில் இடதுகைச் சீடன் ஒருவன் இருந்தானாம். படம் அவனுடையதுதான் என்றார். முந்நூறு வருஷம் கழித்து ஒருவனுக்கு அவன் பெயர் திரும்புகிறது, அதுவும் என்னால்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டு, இதைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது என் பெயரையும் ஒரு ஓரத்தில் போடுவீர்களா என்று கேட்டேன்.

"கண்டிப்பா. கண்டுபிடிச்சதே நீங்கதானே?"

பித்தளைத் தகடு

கட்டுரை வந்தது. என் அட்டையின் போட்டோ அதில் இருந்தது. 'கட்டுரையாசிரியர் செய்த சோதனை' என்று கீழே போட்டிருந்தார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரம் பாய் புதுப் பித்தளைத் தகட்டோடு வந்தார். மேலே சீடன் பெயர், கீழே 'கண்டறிந்தவர்' என்று நிபுணர் பெயர். "பாய், அன்னிக்கு நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்றேன். தகட்டை என்னிடம் நீட்டினார்.

"தெரியும்பா. பிரேம் கடைக்காரர் சொன்னார்னு போட்டா எவன் நம்புவான்? தகட்ட கோணாம அடி."

கோணாமல்தான் அடித்தேன், பீச்சாங்கையால். சீடனுக்கே முந்நூறு வருஷம் ஆனதென்றால், எனக்கு இன்னும் இருநூற்று எண்பது பாக்கி இருக்கிறது.