புஷ்பலதாவை விடாத புகையிலை

புஷ்பலதா முதன்முதலில் புகையிலை போட்டது பல்வலிக்காக. கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போன முதல் வருடம் அது. கூட வேலை செய்த பொன்னாயி ஒரு கிள்ளு கொடுத்து, "கன்னத்துல அடக்கிக்க கண்ணு, வலி ஓடிரும்" என்றாள். வலி ஓடியது. பசியும் தெரியவில்லை.

பதினாறு வருடத்தில் அது நாளுக்கு எட்டுத் தடவை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஒரு மணி நேரம் வாய் சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கும். யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது என்று தோன்றும். வெளியே வந்து போட்டதும் அடங்கும். தன் மனக்கவலைக்கு அதுதான் மருந்து என்று நம்பினாள். இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே இறந்த பிறகு தூக்கம் போயிற்று. கணவன் ஆண்டனி ராஜ் வாங்கி வைக்கும் பிராந்தியில் கொஞ்சம் குடிக்கத் தொடங்கினாள். குடித்தால் புகையிலை வேண்டும். புகையிலை போட்டால் பிராந்தி நினைவு வரும்.

போன தை மாதம் பல் மருத்துவ முகாமில், கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருப்பதாகவும் அது புற்றாக மாறலாம் என்றும் சொன்னார்கள். அன்றே புகையிலையை நிறுத்தினாள்.

பதினோராம் நாள் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை.

"ஏன் கண்ணு, காச்சலா?" என்றாள் பொன்னாயி.

"இல்லீங்க்கா. செத்துப்போயிரலாம்னு இருக்குதுங்க்கா."

பயந்துபோன பொன்னாயி மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. புஷ்பலதா வாங்கிப் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் எழுந்து பழம் பறித்தாள், அழுதபடியே.

விஷயம் தெரிந்ததும் மகள் ஜெஸ்லின் அவளைச் சேலத்துக்கு, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

"புகையிலை உங்க படபடப்ப ஆத்தலைங்கம்மா," என்றார் அவர். "அது ரத்தத்துல குறையறப்பதான் பாதிப் படபடப்பு வருது. மீதி, மனசுல இருக்கற நோவு. ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்."

"மருந்துன்னுதானுங்க இத்தன வருசம் போட்டேன்," என்றாள் புஷ்பலதா.

மாத்திரை தொடங்கி ஏழு மாதமாகிறது. பிராந்தியைத் தொடுவதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணமும் வருவதில்லை. புகையிலை எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது; அதற்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு முறை முயன்றாள், இரண்டு முறையும் மூன்றுக்கே திரும்பினாள். திட்டு பெரிதாகவில்லை, மறையவும் இல்லை.

"மூணுக்கு வந்துட்டீங்கல்லம்மா," என்றாள் ஜெஸ்லின்.

"அந்த மூணுதான் நொம்பப் புடிச்சு வெச்சிருக்குது சாமி," என்றாள் புஷ்பலதா.