வீசிவிட்ட தட்டுகள்

கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். காயத்தை மூட உயிர்க்கலங்கள் எப்படி ஊர்ந்து வருகின்றன என்று பார்ப்பதே எங்கள் சோதனை. அன்று காலை தட்டுகளில் கலங்களை விட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கொரு தடவை நுணுக்குக்காட்டியில் குனிந்தேன். மாலைவரை ஒன்றுகூட நகரவில்லை. உருண்டையாகவே கிடந்தன.

கோபம், உடன் வேலைசெய்யும் திகன ஊர்க்காரி ரசீனாமீது பாய்ந்தது. "நீங்க வளர்த்த செல்லே சரியில்ல! மேசையில ஈரத்தோட பழைய தட்டுங்க வேற. நான்தான் வீசிட்டுப் புதுசு எடுத்தேன்."

அவள் திகைத்தாள். "வீசிட்டீங்களா? அது பழசில்ல. நேத்து புரதம் பூச மறந்துட்டு பஸ்ஸுக்கு ஓடினீங்களே, நான்தான் பூசி வெச்சேன்."

உடம்பில் கலங்களைச் சுற்றியிருக்கும் புரதம் அது. அதைப் பற்றிப் பிடித்தால்தான் நகரும்படி கலத்துக்குள் செய்தி போகும். வெறும் தட்டில் எதைப் பிடிக்கும்?

ரசீனா புதுத் தட்டுகளில் மறுபடி பூசினாள். மறுநாள் கலங்கள் கால் நீட்டி ஊர்ந்தன. நாலடி தள்ளியிருந்த அவள் மேசைவரை போய் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாளாயிற்று.