முப்பிடாதி சித்தி சொன்ன பொய்

என் வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால் முப்பிடாதி சித்தி இன்றைக்கு இப்படிக் கிடந்திருக்க மாட்டாள்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசாங்க மாத்திரை கொடுப்பது என் வேலை. சித்தி எனக்கு உறவில்லை. அடுத்த வீட்டுக்காரி, நடவும் களையெடுப்புமாக நாற்பது வருஷம் சேற்றில் நின்று முட்டி தேய்ந்தவள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் செந்தூர்பாண்டி நாசிக் பக்கம் லாரி ஓட்டுகிறான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவனால் எதுவும் அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் மட்டும் தவறாது.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான்.

"சித்தி, விசாரணைக்கு வருவாக. மகன் இருக்கான்னு தெரிஞ்சா மனுவத் தள்ளிருவாக. நோட்டும் பேனாவுமா யாரு வந்து கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லணும்."

"உசுரோட இருக்கவன எப்படிட்டி இல்லங்கது?"

"வாயால சொன்னா செத்தா போயிருவான்?"

பாழும் வாய். சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் நல்ல மனுஷன். பிள்ளைகள் உண்டா என்று தணிவாகத்தான் கேட்டார். சித்தி முனகினாள். வயலில் அறுவடை இயந்திரம் ஓடிய சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி முனகினாள். மூன்றாவது தடவை கத்தியே சொன்னாள்: "எனக்கு மகன் இல்லய்யா." அவர் எழுதிக்கொண்டு போனார். சித்தி நேரே ஆற்றுக்குப் போய்த் தலைமுழுகி, துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி ஈரச்சேலையோடு வந்து நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை வைதேன்.

உதவித்தொகை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மகனிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. நான் அடித்துப் பார்த்தேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. சித்தி போனை மடியில் வைத்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் அவனே பேசினான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

"பாத்தீகளா, நான் சொல்லல?" என்று சிரித்தேன்.

சித்தி சிரிக்கவில்லை. "அம்மன்ட்ட பேசி முடிச்சிட்டேன்ட்டி. இனி அவனுக்கு ஒண்ணும் வராது," என்றாள் பைய.

என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதன்பிறகும் வழக்கம்போல மாதாமாதம் என்னிடம் மாத்திரை வாங்கினாள். ரத்தக் கொதிப்பு மட்டும் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போனது.

"ஒழுங்கா மாத்திரை போடுதீகளா?"

"போடுதேன்." என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை அடுப்படியில் விழுந்து கிடந்தாள். வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுச்சேலை எடுக்க அவள் வீட்டுக்கு வந்தேன். அம்மன் படத்துக்குப் பின்னால் ஆறு மாத மாத்திரை அட்டைகளும் அடுக்கி இருந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மேலே திருநீறு போட்டிருந்தாள். மகன் உயிருக்குப் பதிலாகத் தன் உயிரை நேர்ந்துவிட்டிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு நாள் கழித்து செந்தூர்பாண்டி வந்து சேர்ந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு அடையாளம் தெரிந்தது, கண்ணீர் வழிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் காப்பீட்டுக்கு விவரம் எழுத நர்ஸம்மா நோட்டும் பேனாவுமாக வந்தாள்.

"பாட்டி, இது யாரு? ஒங்க மகனா?"

சித்தி பேனாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மகன் பிடித்திருந்த கையை உருவி, இல்லை என்று ஆட்டினாள்.

"ஏன்க்கா அம்ம இப்படிச் சொல்லுதா?" என்று செந்தூர்பாண்டி என்னைக் கேட்டான்.