பூப்பந்து மைதானத்தில் என் அறிவிப்பு

எங்கள் ஆம்பூர் பூப்பந்துக் குழுவில் பிளாஸ்டிக்கை ஒழிக்கலாம் என்று போன வாரம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டதில் எனக்கே சந்தேகம் வந்தது.

பிளாஸ்டிக் கொண்டுவருபவர் அன்று ஆடக்கூடாது, மைதானத்தைப் பெருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவனும் நான்தான்.

முழங்கால் வலி தீர்ந்து, இன்று காலைதான் மறுபடி ஆடுவதாக இருந்தேன். முதல் வேலையாக, அச்சடித்த விதிகளை வேப்பமரத்தில் கட்டினேன்.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் கேப்டன் பஷீர் பாய் அதைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், பளபளன்னு இருக்குது?"

"மழையில நனையக் கூடாதுன்னு லேமினேட் பண்ணேன் பாய்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாய் திரும்பினார். "ஸ்டெல்லா சிஸ்டர், சாருக்கு அந்தத் தொடப்பத்தை எடுத்துக் குடுங்க!"

"முட்டி வலி திரும்ப வந்துடப் போவுது, குந்தாம நின்னுக்கினே பெருக்குங்க சார்," என்றார் ஸ்டெல்லா. அவர் நர்ஸ்.

அவர்கள் ஆடினார்கள், நான் பெருக்கினேன். முறம் இல்லாததால் அறிவிப்பையே கழற்றிக் குப்பையை அள்ளினேன். அருமையாக அள்ளியது.

"இது இங்கயே இருக்கட்டும் சார், நல்லா உழைக்கும்," என்றார் பாய்.

அடுத்த அறிவிப்பைக் கரும்பலகையில் எழுதப்போகிறேன். சாக்பீஸை எதில் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து இப்போதே சொல்லிவிடுங்கள்.