எந்தப் பழத்தில் ஏற்பி அதிகம்?

எலிக் கருவில் பல் எப்படி முளைக்கத் தொடங்குகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. இதை வெளியில் சொன்னால் முதலில் தலையை ஆட்டுவார்கள். பிறகு, “சரி, வேலைக்கு என்ன பண்றீங்க?” என்று கேட்பார்கள். திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பவர் முகம் தெளியும்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். எனக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் திருமண் இட்டுக்கொண்டு பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தால், மிச்சப் பொழுதெல்லாம் அவருக்குச் சங்கம்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்து ஹாலில் யாரையாவது பேச வைப்பார். கண் டாக்டர், யோகா மாஸ்டர், ஆடிட்டர் எல்லோரும் பேசி முடித்து ஆள் தீர்ந்துபோன நிலையில் லிஃப்டில் என்னிடம் சிக்கினார். அல்லது நான் அவரிடம் சிக்கினேன்.

“இந்த மாசம் நீங்கதான் எழுந்தருளணும். தலைப்பு சொல்லுங்கோ, அடியேன் ஃப்ளெக்ஸுக்குக் குடுத்துடறேன்.”

“பாலூட்டிகளின் கரு உறுப்பு வளர்ச்சியில் நோய் எதிர்ப்பு ஏற்பிகளின் பங்கு” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது.

“பேஷ்” என்றார். அவர் அதில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. கேட்டில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே, ‘கருவிலேயே நோய் எதிர்ப்பு சக்தி! கர்ப்பிணிகள் குடும்பத்துடன் வருக! டாக்டர் பேசுகிறார்!’

செயலாளரைத் தனியே இழுத்துப் போனேன். “சார், நான் அந்த டாக்டர் இல்ல.”

“பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கறேளே.”

“அது பட்டம் சார். எலிப் பல்லுக்குக் குடுத்த பட்டம்.”

“பகவத் சங்கல்பம். எல்லாரும் வந்து ஒக்காந்தாச்சு. சித்த சமாளிச்சுடுங்கோ” என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஹால் முழுக்கக் கர்ப்பிணிகள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு அம்மாவோ மாமியாரோ. பின்வரிசையில் கணவன்மார்கள், ஒப்புக்கொடுத்த முகத்தோடு. கதவோரத்தில் சத்துமாவும் மூலிகைப் பொடியும் விற்கும் ஒருவர் மேஜை போட்டுப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கல்யாணம்கூட ஆகாத நான் அத்தனை பேருக்கும் முன்னால் போய் நின்றேன். என் முதல் படம் திரையில் விழுந்தது. பெரிதாக்கப்பட்ட எலிக்கரு.

“ஐயய்ய, இதையெல்லாம் மசக்கைக்காரங்க பாக்கலாமா?” என்றது ஒரு குரல். நான் அவசரமாகப் படத்தை அணைத்துவிட்டு வெறும் வாயால் பேசத் தொடங்கினேன்.

நம் உடம்பு செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே கொடுப்பது அவற்றின் வேலை என்றேன். கிருமி வந்தால், காயம் பட்டால், வீக்கம் கண்டால் சேதி வாங்குகிற ஏற்பிக் குடும்பம் ஒன்று உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஏற்பி, குழந்தை வயிற்றில் இருக்கும்போது வேறு வேலை பார்க்கிறது. இந்த இடத்தில் முடி, இந்த இடத்தில் பல், இந்த இடத்தில் வேர்வைச் சுரப்பி என்று தோலை முளைக்கச் சொல்கிறது. எலிக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான்.

கூட்டம் கவனித்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், அந்த ஏற்பி எந்தப் பழத்துல அதிகம்?”

“பழத்துல இல்லம்மா. நம்ம உடம்பே அதைச் செஞ்சுக்குது.”

“மாதுளையில இருக்கும்னு நெனச்சேன். இவரு தெனமும் வாங்கிட்டு வர்றாரே” என்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாதாம்ல?” என்றார் அவள் மாமியார், விட்டுக்கொடுக்காமல்.

பொடிக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். “சார் சொன்ன ஏற்பி நம்ம பொடியில இயற்கையாவே இருக்குங்க. காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன்.” இல்லை, அப்படி எதிலும் இருக்காது என்று நான் மைக்கிலேயே சொன்னேன். ஆனாலும் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து மேஜைப் பக்கம் போனார்கள். அடுத்து செயலாளரே தலையைத் தடவிக்கொண்டு கேட்டார். “அப்போ அடியேனுக்கு அந்த ஏற்பி ஒழுங்கா வேலை செய்யலையோ?” அவருடைய வழுக்கை கருவில் வந்ததல்ல, வயதில் வந்தது என்று விளக்கினேன். அத்தோடு கணவன்மார்களுக்கும் உயிர் வந்துவிட்டது. முடி கொட்டுவதைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி. குழந்தையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அந்தச் சந்தடியில் நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. மார்க்கெட் இரைச்சலில் பேசிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை.

“தம்பி, முடி, பல்லு, வேர்வை, மூணுமே ஒருத்தருக்குச் சரியா இல்லாம போகுமா?”

“போகும்மா. அபூர்வம், ஆனா உண்டு.”

அவர் திரும்பிப் பார்த்தார். “டேய், எந்திரி.”

கடைசி வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் நிறைமாதமாக அவர் மனைவி.

“வாயத் தொறந்து சாருக்குக் காட்டு.”

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா.”

“பாக்கட்டும். ஊரே பாத்த வாய்தானே.”

அவர் முன்னால் வந்து வாயைத் திறந்தார். சில பற்கள்தான், அவையும் கூம்பு கூம்பாக. புருவம் இருந்த இடத்தில் மெல்லிய நிழல். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை கிடையாது. சித்திரை மாதத்து ஹாலில் மற்ற எல்லோரும் நனைந்துபோயிருந்தோம். இத்தனை வருடம் எலிப் படங்களில் பார்த்ததை முதன்முதலாக ஒரு மனித முகத்தில் பார்த்தேன். “பல் செட் வச்சுக்கலாமே” என்று மட்டும் சொன்னேன்.

“வச்சிருக்கேன் சார். அம்மாதான் இன்னைக்குக் கழட்டச் சொல்லிட்டாங்க.”

ஹால் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“இவன் வயித்துல இருக்கச்ச கிரகணத்தன்னிக்குக் கொடியில துணி எடுக்க வெளிய போயிட்டேன் தம்பி. அதனாலதான் புள்ள இப்படிப் பொறந்துச்சுன்னு எங்க மாமியாரு சாகுற வரைக்கும் சொன்னாங்க. வெயில் வந்தா புள்ள துடிப்பான், தண்ணிய ஊத்தி ஊத்தி வளத்தேன். ஒவ்வொரு கோடையிலயும் அந்தத் துணிய நெனச்சுக்குவேன். நெசமாவே அதனாலயா?”

“இல்லம்மா” என்றேன். “இது பரம்பரையா வர்றது. அந்த ஏற்பியிலயோ, அதுக்குச் சேதி கொண்டு போறதுலயோ ஒரு சின்னப் பிழை இருந்திருக்கும். எதுன்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க அன்னைக்கு வீட்டுக்குள்ளயே இருந்திருந்தாலும் இப்படித்தான் பொறந்திருப்பாரு.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கெழவி போய்ச் சேந்துடுச்சே தம்பி. இப்ப நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். “அத்தை, ஒக்காருங்க.” பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். ஒருத்தி, “எங்க மாமியார் நான் பப்பாளி தின்னதைச் சொல்லிக்கிட்டே இருக்காங்க” என்றாள், அந்த மாமியார் அருகில் இருக்கும்போதே. அதன் பிறகு என் பேச்சு தொடரவில்லை. தொடர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை என்பதால், தில்லை நகரில் மரபணு ஆலோசனை கொடுக்கும் ஒரு டாக்டரிடம் அவர்களை அனுப்பினேன். வெயில் காலத்தில் பிறக்கும் குழந்தை, உடம்புச் சூட்டைக் கவனிக்க வேண்டும் என்று பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள் என்றும் சொன்னேன்.

பிறகு நான் வேலையில் மூழ்கிவிட்டேன். ஒரு நாள் காய் வாங்க காந்தி மார்க்கெட்டுக்குப் போனபோது, மூட்டை தூக்குகிறவர்களின் சத்தத்தையும் மீறி, “எலி டாக்டரே! எலி டாக்டரே!” என்று ஒரு குரல் கூப்பிட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காய மண்டி வாசலில் அந்த அம்மா, மடியில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே மகன் ஈரத்துண்டோடு எடை போட்டுக்கொண்டிருந்தார். இந்தமுறை பல் செட் இருந்தது.

“டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு தம்பி. இது ஆம்பளப் புள்ளைங்களைத்தான் கடுமையா தாக்குமாம். பொம்பளப் புள்ளைங்கறதால பெருசா ஒண்ணும் இருக்காதாம், பல்லு மொளைக்கறப்ப ஒரு தடவ பாத்துக்கணும்னு சொல்லியிருக்காங்க. நீங்க இங்க வாங்களேன், இதைப் பாருங்க.”

குழந்தையை என் முகத்துக்கு நேரே தூக்கினார். பகல் வெக்கையில் மார்க்கெட்டே புழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் மூக்கு நுனியிலும் நெற்றியிலும் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

“வேர்க்குது தம்பி!” என்றார் அந்த அம்மா. “தொட்டுப் பாருங்க, எப்படி வேர்க்குது!”

தொட்டுப் பார்த்தேன்.