மேல்வீட்டு டீஜே

நான் டீஜே ஆனது கோபத்தால். ஆசையால் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. நான் வேலை செய்கிற கந்தோரில் வருடா வருடம் பகல் விருந்து ஒன்று வைப்பார்கள். அந்த முறை கூப்பிட்டிருந்த டீஜே ஒவ்வொரு பாட்டையும் சரணம் தொடங்குகிற இடம் பார்த்து வெட்டி, அடுத்ததைப் போட்டுக்கொண்டிருந்தார். பல்லவிக்கு ஆட எழும்பியவர்கள் சரணத்துக்குக் கையைத் தூக்கினால் அங்கே வேறு பாட்டு ஓடும். கணக்குப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு, பாதியில் விட்ட எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவரிடம் புலம்பினேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப நீயே போடு" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்ன மனிதர், அதன் பலனை இன்று வரை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

டீஜேக்கள் பாட்டுக் கலக்கிற கன்ட்ரோலர் என்ற பெட்டி எங்களிடம் வந்தது பழைய சாமானாகத்தான். கண்டியில் ஹோட்டல்களில் டீஜே செய்துகொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகிற அவசரத்தில் விற்றார். இரண்டு பக்கமும் ரொட்டி சுடுகிற கல் அளவுக்கு ஒவ்வொரு சுற்றுத் தட்டு, நடுவில் திருகுகிற குமிழ்களும் தள்ளுகிற கட்டைகளும். தனியாக வைத்தால் அது ஒரு சத்தமும் போடாது. லப்டொப்பில் செருகினால்தான் உயிர் வரும். பாட்டெல்லாம் லப்டொப்புக்குள் இருக்கும். இடது தட்டில் ஒரு பாட்டு, வலது தட்டில் அடுத்த பாட்டு. ஒன்று வெளியே கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றதை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைச் சரிபண்ணி, ஆட்கள் கவனிக்காதபடி உள்ளே விட வேண்டும். ஒரு காது ஊருக்கு, ஒரு காது எனக்கு. முதல் வாரம் முழுக்க இரண்டு காதும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கின.

வைக்க இடம் தேடினேன். சாப்பாட்டு மேசையில் வைத்தால் கறிக் குழம்பு தெறிக்கும். கடைசியில் தையல் மெஷினைத் தரையில் இறக்கிவிட்டு அதன் மேசையை எடுத்துக்கொண்டேன். என் கணவரின் புதிய காற்சட்டை ஒன்று கீழ்மடிப்புத் தைக்காமல் மாதக்கணக்கில் அலுமாரிக்குள் கிடந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் புதிதாகக் கலந்த பாட்டைக் கேட்கச் சொல்லுவேன் என்ற பயம்.

நாங்கள் இருப்பது கண்டியை அடுத்த அம்பிட்டியப் பக்கம், மலைச்சரிவில் கட்டிய வீட்டின் மேல்மாடி. கீழே வீட்டுச் சொந்தக்காரம்மா இருக்கிறார், முஸ்லிம் பெண்மணி, நல்ல மனது. ஸ்பீக்கர் வாங்கி வைத்த முதல் சனிக்கிழமை படியேறி வந்தார். நான் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "மகள், பாட்டு எனக்குப் பிரச்சினையே இல்ல. பாட்டு கீழ வாறதும் இல்ல. அந்த டும் டும் மட்டும்தான் வருது. பாட்டும் சேந்து வந்தாலாவது கேக்கலாமே."

அன்றைக்கே ஸ்பீக்கருக்குக் கீழே பழைய மெத்தைப் பஞ்சை வெட்டி வைத்தேன். அடிச்சத்தத்தைக் குறைக்கிற குமிழைப் பாதிக்குக் கீழே திருகிவிட்டேன். தொழுகை நேரத்தில் ஹெட்போன் மட்டும். அதனால் ஒரு நன்மை வந்தது. அடிச்சத்தம் இல்லாமல் ஒரு பாட்டு நிற்கிறதா விழுகிறதா என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. பெரிய ஸ்பீக்கரில் எந்தக் குப்பையும் நெஞ்சை இடிக்கும். என் மேல்வீட்டில் மெட்டும் குரலும் நன்றாக இருந்தால்தான் பிழைக்கும்.

லப்டொப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் அதுவே சேர்த்துவிடும். பிறகு எதற்கு நான் என்று முதலில் தோன்றியது. புதிய படப் பாட்டுகளுக்கு அந்தப் பொத்தான் தங்கம். கம்ப்யூட்டரில் செய்த தாளம், கம்ப்யூட்டருக்குப் புரிகிறது. பழைய பாட்டுகளில்தான் அது விழிபிதுங்கும். அவற்றில் தபேலா வாசித்தவரும் வயலின் வாசித்தவர்களும் மனிதர்கள். சரணத்தில் கொஞ்சம் நிதானிப்பார்கள், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் ஓடுவார்கள். பைலா என்ற சிங்கள ஆட்டப் பாட்டுப் போட்டால் இன்னும் மோசம். அது தகிட தகிட என்று மூன்று மூன்றாகத் துள்ளுகிற தாளம். லப்டொப் எல்லாவற்றையும் நான்கு நான்காக எண்ணுகிறது. அது எண்ணிய இடத்தில் அடுத்த பாட்டை விட்டால், இரண்டு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதுபோல இருக்கும். அதனால் அந்தப் பொத்தானைத் தொடுவதை விட்டேன். தட்டின் ஓரத்தை விரலால் இலேசாகத் தள்ளினால் பாட்டு ஒரு நூல் முன்னே போகும், இழுத்தால் ஒரு நூல் பின்னே வரும். அந்தத் தள்ளலும் இழுப்பும் கையில் பிடிபட்ட மாலை, சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் சந்தோஷமாக இருந்தேன்.

பாட்டுத் தெரிவில் நான் சர்வாதிகாரி. சரணம் முடியாமல் எந்தப் பாட்டையும் வெட்டுவதில்லை. இரண்டு மெல்லிசைப் பாட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவதில்லை, ஒன்று முடிந்து மூச்சுவிட்ட பிறகுதான் மற்றது. அழுகைப் பாட்டுக்கு அடி போட்டு ஆட வைக்கிற வேலை என்னிடம் கிடையாது. சிங்களப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் கலப்பேன், ஏனென்றால் கண்டியில் எங்கள் காது அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. என் மகளுக்கு இந்தச் சட்டங்கள் பிடிக்காது. "அம்மா, இது டீஜேயா, பாராளுமன்றமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பாட்டு நன்றாக விழுந்தால் அறைக்குள் இருந்தபடியே கட்டிலைத் தட்டுவாள். அந்தத் தட்டல்தான் எனக்குக் கைதட்டல்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் பெரியவளானாள். சடங்கு வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டு வராமல் சடங்கு நடக்காது. தாய்மாமன் என்றால் என் அண்ணன், ஒரே அண்ணன், தெல்தோட்டையில் இருக்கிறார். அவர் என்னோடு பேசாமல் பல மாதமாகியிருந்தது. காரணம், தையல் மெஷின் மேசையில் இருந்த இந்தப் பெட்டி.

அதன் கதை இது. அண்ணன் தன் மகளின் கலியாணத்தைக் கண்டியில் ஒரு மண்டபத்தில் வைத்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பு மேளக்காரர்களை வேன் பிடித்துக் கூட்டி வந்தார். அவர்கள் தெருவில் அடித்துக்கொண்டு மாப்பிள்ளையை மண்டப வாசல்வரை அழைத்து வந்தார்கள். அதற்குள் உள்ளே டீஜே தொடங்கிவிட்டார். மண்டபத்து ஆள் வாசலில் நின்று, சத்தம் முட்டுகிறது, இதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மேளக்காரர்கள் வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் நின்றார்கள், அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு வாய் திறக்க முடியுமா? அண்ணன் விழுங்கிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து, பாட்டு மிஷின் வைத்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு யாரோ போய், உங்கள் தங்கச்சியும் அதே மிஷின் வாங்கியிருக்கிறாள் என்று வத்தி வைத்துவிட்டார்கள். போன் வருவது நின்றது.

சடங்குக்கு அழைக்கத் தெல்தோட்டைக்கு நேரில் போனோம். அண்ணி வாங்க வாங்க என்று உபசரித்தார். அண்ணன் என் கணவரிடம் மட்டும் மழையைப் பற்றிப் பேசினார். தேத்தண்ணி முடிந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"மருமகளுக்குச் சீர் வைக்க நான் வராம வேற யாரு வருவா? வாறேன். ஆனா தப்போட வாறேன். அது வாசல்ல நிக்காது, வீட்டுக்குள்ள வந்து அடிக்கும். உன் பெட்டி அப்ப என்னா செய்யும்?"

பெட்டியைக் கட்டி வைத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவோடு முடிந்திருக்கும். என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டது? "அதுவும் சேந்து அடிக்கும்ணே" என்றேன்.

"சேராது."

"சேரும்."

"மேளத்த நடுவுல நிறுத்தச் சொன்னீங்கன்னா, நான் எழும்பி வேன்ல ஏறிருவேன். அப்புறம் அண்ணன்னு கூப்பிடாத" என்றார். திரும்பி வரும் வழியில் பஸ் வளைவுக்கு வளைவு ஆடியது. நான் மடியில் விரலால் தப்புத் தாளம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பழகுவதற்கு எனக்கு உண்மையான தப்புச் சத்தம் வேண்டியிருந்தது. அண்ணன் மகளின் கலியாண ஊர்வலத்தை யாரோ போனில் எடுத்த காணொளி என்னிடம் இருந்தது. அதை ஸ்பீக்கரில் விட்டு, அதன்மேல் பாட்டைச் சேர்த்துப் பார்த்தேன். மேளம் தெருவில் துள்ளிக்கொண்டு வரும், பையன்கள் ஆடுவார்கள், அண்ணன் புது வேட்டியில் முன்னால் நடப்பார். வாசல் வந்ததும் மேளம் நிற்கும். காணொளி அங்கேயே முடியும். கலியாணத்தன்று நான் உள்ளே பந்தி வேலையில் இருந்ததால் இதைப் பார்த்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு மாலையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேளம் நிற்கிற நொடியில் அண்ணன் ஒருமுறை திரும்பி மேளக்காரர்களைப் பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, பழகுவது எனக்கு விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. இந்த மனிதர் என் வீட்டிலிருந்தும் அந்த முகத்தோடு போகக் கூடாது என்று நினைத்தேன்.

சடங்கு நாள் காலையில் தூறல். தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும் என்று மேளக்காரர்கள் தப்புகளை நெருப்பில் காய்ச்ச இடம் தேடினார்கள். வீட்டுச் சொந்தக்காரம்மா தன் காரைத் தெருவுக்கு எடுக்கச் சொல்லி, கராஜைத் திறந்துவிட்டார். பிறகு அவர்கள் படியேறி வந்தார்கள். முன்னால் மேளம், பின்னால் தட்டுத் தட்டாகச் சீர், நடுவில் அண்ணன். நான் ஸ்பீக்கரைத் தொடவில்லை. ஆலத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். தண்ணீர் வார்த்து, மாமன் கொடுத்த சேலையை உடுத்தி, மகள் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் மாலை போட்டார். அவள் காலில் விழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. மேளம் மறுபடி எழும்பியது, ஆடுகிறவர்கள் ஆடத் தொடங்கினார்கள்.

அண்ணன் என் மேசைக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "என்னா, பெட்டி ஊமையா?" என்றார்.

ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் தப்பு. மூன்று மூன்றாகத் துள்ளுகிற ஒரு குத்துப் பாட்டை எடுத்து, வேகத்தைக் கூட்டி, விரலால் தள்ளித் தள்ளி மேளத்தோடு சேர்த்தேன். சேர்ந்ததும் மெதுவாக வெளியே விட்டேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை, அதுதான் எனக்கு வேண்டியதும். பிறகு மூத்த மேளக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடித்தார். வீடே ஆடியது. என் கணவர், இடுப்பை அசைக்கவே தெரியாத மனிதர், தோளை அசைத்தார்.

காணொளியில் இல்லாத ஒன்றை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆட்டம் சூடாக ஆக, மேளம் ஓடும். அவர்கள் ஓட ஓட நானும் வேகத்தைக் கூட்டினேன். வேகக் கட்டை கடைசிவரை போய் முட்டி நின்றது. அதற்கு மேல் கூட்ட வேண்டுமானால் லப்டொப்பில் வேறு இடத்தில் போய் மாற்ற வேண்டும். ஒரு கையை எடுத்தால் இருக்கிற பிடியும் போய்விடும். பாட்டு ஒரு அடி பின்தங்கியது, பிறகு இன்னொரு அடி. ஆடுகிறவர்களின் கால் தடுமாறுவது தெரிந்தது. மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. பெட்டியைத்தான் நிறுத்த வேண்டும். சத்தத்தைக் குறைக்கக் கட்டையில் விரலை வைத்தேன்.

அண்ணன் கதிரையிலிருந்து எழும்பினார். நான் மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லையே அண்ணே என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் கதவுப் பக்கம் போகவில்லை. ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு மேளக்காரர்களிடம் போனார். அந்தச் சத்தத்திலும் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏய், கொஞ்சம் நிதானமா அடிங்கப்பா. நம்ம தங்கச்சி பின்னால வருதுல்ல."

மேளம் நிதானித்தது. பாட்டு வந்து அதோடு சேர்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துடைக்க முடியவில்லை.