ஈயக் கதவுக்குள் மூன்று மெய்யெழுத்துகள்

என் அண்ணிக்கு முப்பத்தொன்பது வயது. பதினாறு வருடங்களாக ஒரே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத் தகடு இருப்பதால் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். எல்லோரிடமும் அண்ணி சொல்வது ஒரே நான்கு வாக்கியங்கள்: "தோடு, சங்கிலி எல்லாம் கழட்டிடுங்க. நெஞ்சைத் தட்டோட ஒட்டி நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க." மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்திவிடுவார்.

வீட்டில் மூன்று அறைகள். அதில் என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பதினாலு வயதுப் பெண், என் அப்பா. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நானும் வந்து சேர்ந்தபோது கூடத்தில் பாய் விரிக்க இடம் தேட வேண்டியிருந்தது. அண்ணன் டயர் கிடங்கில் மேற்பார்வையாளன். அப்பா ஓய்வுபெற்ற தட்டச்சர். தினமும் காலையில் அவருக்குச் சர்க்கரை ஊசி போடுவது அண்ணியின் வேலை. தானே போட்டுக்கொள்ள அவருக்குக் கை நடுங்குமாம். செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடும்போது அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பெண்ணுக்கு வீட்டில் டீச்சர் என்று பெயர். யார் ஆங்கிலம் பேசினாலும் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள்.

அண்ணிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. கிடைத்த மாதிரி என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசும் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தைந்து எடுத்தால்தான் வேலை உறுதியாகும். கணினிதான் கேள்வி கேட்கும், பதிலையும் கணினியே கேட்டு மதிப்பெண் போடும். மூன்று முறை எழுதலாம், நாற்பது வயது முடிவதற்குள். நான் வந்த சமயம் அண்ணி இரண்டு முறை எழுதி, அறுபத்தொன்றும் அறுபத்துமூன்றும் வாங்கியிருந்தார். இரண்டு அறிக்கையிலும் ஒரே குறை: மூக்கொலிகள் தெளிவாக இல்லை, முக்கியமாகச் சொல்லின் கடைசியில்.

அதைப் படித்ததும் அண்ணி முதலில் மூக்கைத்தான் சந்தேகப்பட்டார். தன் அறையிலேயே தாடையைத் தட்டில் வைத்து நின்றுகொண்டு உதவியாளரைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். படத்தில் மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகள் கன்னங்கரேலென்று காற்றோடு இருந்தன. சளி இல்லை, வளைவு இல்லை.

"இவ்வளவு சுத்தமான மூக்கை நான் பார்த்ததே இல்லை" என்றாராம் உதவியாளர். "குத்தம் சொல்லவும் வழியில்லையேம்மா."

காரணத்தைக் கண்டுபிடித்தது பயிற்சி மையத்தில் சொல்லித்தந்த அம்மாள். அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் அண்ணியைப் பார்த்து, "இங்கிலீஷை விடுங்க. தமிழ்லயே 'மரம்'னு சொல்லுங்க" என்றார்.

அண்ணி சொன்னார்.

"கடைசியில உதடு ஒட்டுச்சா?"

அண்ணி மறுபடி சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை. மூன்றாவது முறை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சொன்னார். அப்போதும் இல்லை.

"எழுதறப்ப 'ம்' போடறோம். பேசறப்ப அதை மூக்குல விட்டுட்டு, வாயைத் திறந்தபடியே அடுத்த வார்த்தைக்குப் போயிடறோம். 'அவன்'ல 'ன்' அப்படித்தான், நாக்கு மேலே போறதே இல்லை. நமக்குள்ள புரிஞ்சிடும். அந்த மெஷினுக்குப் புரியாது. டைம், ரூம், பெயின் எல்லாத்தையும் நீங்க வால் இல்லாம விடறீங்க. நுரையீரலைச் சொல்ற 'லங்'குக்கு மட்டும் ஒரு 'கு' சேர்த்து வாலை நீட்டறீங்க."

"முப்பத்தொன்பது வருஷமா யாருமே சொல்லலையே மேடம்."

"அவங்களுக்கும் ஒட்டலையே" என்றார் அந்த அம்மாள்.

அன்று சாப்பாட்டின்போது வீடே பரிசோதனைக் கூடமாகிவிட்டது. அண்ணன் கையில் கவளத்தை வைத்துக்கொண்டே "பணம், பணம்" என்று சொல்லிப் பார்த்தான். அப்பா, தான் அந்தக் காலத்துப் படிப்பு என்றும் தனக்கு ஒட்டும் என்றும் அடித்துச் சொன்னார். டீச்சர் எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"ஒட்டலை தாத்தா."

"ஒட்டுச்சுடி."

"இப்ப நீங்க வேணும்னே ஒட்டறீங்க. சாதாரணமா சொல்லுங்க."

"சாதாரணமாச் சொன்னா ஒட்ட மாட்டேங்குது" என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணிக்கு நிம்மதி போயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் காவல் இருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்' சொன்னால் ஓசை அடைபட வேண்டும், அடைபட்டால் சரி என்று பயிற்சி மையத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். அண்ணி துணி மடிக்கும்போது பின்னால் வந்து மூக்கைப் பிடித்து, "சொல்லு, சம், சன், சங்" என்பான். அப்பா தட்டச்சு மெஷினில் நூற்றுப் பத்துச் சொற்கள் அடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். டீச்சரோ, "கடைசியில வாயை மூடும்மா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி அதைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு, "பெத்தவளை இப்படியா பேசுவா உங்க பேத்தி?" என்று அப்பாவிடம் விசாரித்தாள்.

குடும்பத்தோடு வெளிநாடு போகப்போவதாக அண்ணன் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். குளிருக்குக் கோட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். டீச்சர் அந்த ஊர்ப் பள்ளிகளின் படங்களைப் பார்த்துத் தன் சீருடைக்கு நிறம் கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள். நான்கு பேருடைய பயணமும் அண்ணியின் இரண்டு உதடுகளை நம்பி நின்றது.

அவருக்கு நிம்மதியாகப் பேசக் கிடைத்த ஒரே இடம் எக்ஸ்ரே அறைதான். கதவைச் சாத்தினால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அங்கேயும் ஒருவர் உண்டு. முன்பு சொன்ன உதவியாளர். படங்களை மருந்தில் கழுவிய நாட்களில் இருட்டறையில் வேலை பார்த்ததால் அவருக்கு இருட்டு என்று பெயர். இப்போது படம் நேராகத் திரைக்கு வந்துவிடுகிறது, பெயர் மட்டும் அவரை விடவில்லை. ஒரு மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அண்ணி சுவரோரத் தட்டில் நெஞ்சைச் சாய்த்து நின்று, "பெயின். பெயின். ஷோ மீ த பெயின்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இருட்டு, "எங்கே வலிக்குதுன்னு எனக்கே சொல்லணும்போல இருக்கு. இப்ப நல்லா விழுந்துச்சும்மா" என்றார்.

அன்றுதான் அண்ணி தன் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். "நீ நாலு ஊரைப் பார்த்தவ. இதைப் படிச்சு, நான் புரிஞ்சிக்கிட்டது சரியான்னு சொல்லு" என்று ஒரு பத்தியில் விரலை வைத்தார்.

முதல் இரண்டு வருடங்களுக்கு ஊழியர் மட்டுமே வர முடியும், தங்குமிடம் ஒருவருக்கு மட்டுமே என்று எழுதியிருந்தது.

"அண்ணி, இது..."

"சரியாத்தான் புரிஞ்சிருக்கேன், இல்ல?"

"எப்ப பார்த்தீங்க?"

"முதல் பரீட்சைக்கு முன்னாடியே."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரிஞ்சா என்னை எழுத விடுவாரா?" அண்ணி தாளை மடித்தார். "எனக்கு அந்த ஊர் வேணும்னு கூட இல்ல. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கத்துல உக்காந்து யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும். இதைச் சொன்னா எல்லாரும் என்னமோ நான் அவங்களை வெறுக்கறேன்னு நினைப்பாங்க. வெறுக்கல. மூச்சு முட்டுது."

நான் அண்ணனிடம் சொல்லவில்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, டீச்சரின் பள்ளிச் சேர்க்கை பற்றிக் கேட்க அண்ணனே வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் செய்தான். பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு வருஷம் நீ மட்டும்தான் போக முடியுமாமே?"

"ஆமாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீ தனியாப் போறதுக்குத்தான் நாங்க எல்லாரும் இத்தனை நாளா வாயைத் திறந்து மூடிக்கிட்டு இருந்தோமா?"

வேறு சமயமாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். டீச்சர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா, "அப்ப என் ஊசி?" என்று மட்டும் கேட்டார். அண்ணி அரிசி களையப் போனார்.

மறுநாளிலிருந்து வீட்டில் யாரும் அவரைத் திருத்தவில்லை. அண்ணி 'டைம்' என்பதை வால் இல்லாமல் விட்டாலும் அண்ணன் தலை நிமிரவில்லை. அவர் சமையலறையில் பழக ஆரம்பித்தால் கூடத்தில் தொலைக்காட்சி சத்தம் ஏறியது. சுவரில் ஒட்டியிருந்த நூற்றுப் பத்துச் சொற்களை அப்பா உரித்தெடுத்து, பின்பக்கத்தில் மருந்துக் கடைப் பட்டியல் எழுதினார். டீச்சர் அம்மாவோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். முன்பு எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது தொல்லை. இப்போது யாருமே பார்க்காதது அதைவிடத் தொல்லை. அண்ணி குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பேசிப் பழகினார். பிறகு தண்ணீர் வீணாகிறது என்று அண்ணன் வந்து குழாயை மூடினான்.

தேர்வு நாளன்று நான் மட்டும் கூடப் போனேன். நீளமான ஒரு கூடத்தில் கண்ணாடிக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு திரையோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே எதுவும் கேட்கவில்லை. அண்ணிக்கு ஐந்தாவது கூண்டு கிடைத்தது. தோளால் முட்டித் திறக்கப் போய், கதவு லேசாக இருந்ததால் உள்ளே தடுமாறி விழப் பார்த்தார்.

முதல் பகுதியில் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் பொறுமையாக ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் நின்று, உதட்டை ஒட்டிப் பிரிப்பது தெரிந்தது. நான் என்னை அறியாமல் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதிக்கு இரண்டு நிமிடம். சொந்தமாகப் பேச வேண்டும். அதில் அண்ணி நிற்கவே இல்லை. ஒரு கையால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதையோ அளந்து காட்டிக்கொண்டு பேசினார். நேரம் முடிந்து திரை அணைந்த பிறகும் அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன கேட்டாங்க அண்ணி?"

"நீங்க அதிக நேரம் இருக்கற ஒரு அறையைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க."

"உதடு ஒட்டுச்சா?"

"தெரியலை. அதை நான் பார்க்கவே இல்லை" என்றார்.

ஒன்பதாம் நாள் மாலை நான்தான் கதவைத் திறந்தேன். அண்ணி கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்துடுச்சா?" என்றான் அண்ணன்.

"வந்துடுச்சு."

அடுத்த சொல்லுக்கு அவன் காத்திருக்கவில்லை. "சரி விடு" என்றான். அவன் குரல் அவ்வளவு மிருதுவாக இருந்து நான் கேட்டு வருடக்கணக்கு ஆகிறது. "போனா போகுது. யாருக்கு வேணும் அந்தக் குளிரு? மூணு தடவை எழுதினதே பெரிசு. உக்காரு, சாப்பிடு." அவனே எழுந்து ஒரு தட்டு எடுத்து வைத்தான். அப்பாவுக்கும் தாராளம் வந்துவிட்டது. "பாவம், உனக்கும்தான் எவ்வளவு வேலை. இனிமே ஊசியை நானே போட்டுக்கப் பழகறேன்மா" என்றார். டீச்சர் நகர்ந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இருபத்தொரு நாளுக்குப் பிறகு.

அண்ணி அந்தத் தலையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டார். மெதுவாக, பாதிச் சாப்பாடு ஆகும்வரை. அண்ணன் ஏதோ வேடிக்கை சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மதிப்பெண்ணைச் சொல்லாமலே விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் அப்போது இருந்த சுகத்தைப் பார்த்தால் நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

"எழுபத்தொண்ணு" என்றார் அண்ணி.

"என்ன எழுபத்தொண்ணு?"

"மார்க்கு. நான் பாஸ் ஆயிட்டேங்க."

டீச்சரின் தலை தோளிலிருந்து எழுந்தது. அண்ணன் கை தட்டிலேயே நின்றது. யார் முகத்தையும் பார்க்காமல், "உன் இஷ்டம்" என்றான். எங்கள் வீட்டில் யாராவது அதைச் சொன்னால், கேட்டவர் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வருவதுதான் வழக்கம்.

"சரிங்க" என்றார் அண்ணி. "அப்ப புதன்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். இதற்கு நான் பொருள் சொல்ல வேண்டும் என்பதுபோல.

"ஊசி?" என்றார் அப்பா.

"காலையில ஆறு மணிக்கு எழுந்துடுங்க மாமா, சொல்லித் தரேன். நீங்கதானே பழகறேன்னு சொன்னீங்க."

டீச்சர் தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அண்ணி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, தன் தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.